பெட்டி எழுதும் நாட்குறிப்பு

விடுதி மாணவர்கள் சோற்றுக்கு அடுத்தபடியாக இன்று குறை கூறுவது வைஃபையைத்தான். எங்கள் விடுதியில் மாலை ஆறு மணிக்கு அது நின்றுவிடும். சில நிமிடங்கள் கழித்துத் தானே உயிர்பெறும். "பையன்கள் படம் பார்க்கிறார்கள், பாரம் தாங்கவில்லை" என்பது பெரியவர்கள் சொன்ன தீர்ப்பு. இணைப்பையே துண்டித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுள் நானும் ஒருவன். எனவே காப்பாளரின் அனுமதியோடு சாட்சியைத் தேடினேன்.

சாட்சி தாழ்வாரத்துக் கூரையிலேயே இருந்தது. ஆக்சஸ் பாயிண்ட் எனப்படும் அந்த வெள்ளைப் பெட்டி, தனக்கு நேர்வதை வரி வரியாக எழுதி வைக்கிறது. இம்முறைக்குச் சிஸ்லாக் என்று பெயர். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கியது இது. உலகெங்கும் பரவிய பின், 2009இல் ஆர்.எஃப்.சி. 5424 என்ற ஆவணம் இதற்கு இலக்கணம் வகுத்தது.

ஆனால் எங்கள் பெட்டி எழுதியதெல்லாம் தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் போனால் ஏடே அழிந்துவிடும்! எப்போது சாட்சி தேவையோ அப்போதுதான் அது ஊமையாகும். ஆகவே அமைப்புப் பக்கத்தில், காப்பாளர் அறையில் யூ.பி.எஸ். துணையோடு ஓடும் கணினியின் முகவரியைக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் அங்கே அனுப்பச் செய்தோம். யூ.டி.பி. முறையில் 514ஆம் துறை வழியே அவை செல்கின்றன. ஒப்புகை கேளாத அஞ்சலட்டை போன்றது இது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

எவ்வளவு எழுத வேண்டும் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். நம் மதிப்பெண் முறைக்கு நேர்மாறாக, எண் குறையக் குறைய ஆபத்து மிகுதி: 0 பேராபத்து, 3 பிழை, 6 வெறும் தகவல், 7 பழுது ஆராய்வோருக்கான ஓயாத பேச்சு. எங்கள் பெட்டியில் 3 என்றிருந்தது. அந்நிலையில் பெட்டி மீண்டும் எழுந்த செய்திகூடப் பதிவாகாது. அது பிழையன்று, தகவல்தானே! 6 ஆக்கினோம்.

முதல் மாலையே வேடிக்கை. வந்த வரிகளில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று நேரம் காட்டியது. பெட்டிக்குள் மின்கலக் கடிகாரம் இல்லை. எழுந்தவுடன் யூனிக்ஸ் காலக்கணக்கின் தொடக்கத்தையே 'இன்று' என எண்ணிக்கொள்கிறது. நேர வழங்கியின் முகவரியைத் தந்த பிறகு சற்றுநேரத்தில் திருத்திக்கொள்கிறது. நல்லவேளை, பெறும் கணினி தன் நேரத்தையும் குறித்திருந்தது.

ஒரு வாரப் பதிவைப் படித்தோம். மாலைதோறும் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது. அது தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் போடப்படும் நேரம்! மின்னழுத்தம் தாழ, பெட்டி மயங்கியிருக்கிறது. படம் பார்த்தவர்களும் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டியை வீழ்த்தியவர்கள் அவர்கள் அல்லர். பெட்டியை யூ.பி.எஸ். இணைப்புக்கு மாற்றியதும் தொல்லை நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6ஆம் படியில் எந்தக் கைப்பேசி எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்பதும் பதிவாகிறது. யார் நள்ளிரவில் விழித்திருந்தார் என்று அறிய அந்த ஏடே போதும். இது எனக்கு உடன்பாடில்லை. காப்பாளரிடம் பேசி, படியை 5 ஆகக் குறைத்தோம். பத்து நாள் கடந்த பதிவுகள் தாமே அழியும்படி செய்தோம். பதிவு வைக்கப்படுகிறது என்ற அறிவிப்பும் இப்போது பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது.