நண்டு வளையும் தம்பி மகனின் விமானமும்

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாக வாசியுங்கள். என் தம்பியும் இதை வாசிப்பான். அவனிடம் நேரில் சொல்லத் தயங்கிய ஒன்று இதில் இருக்கிறது.

போன வருஷம் ஆறு மாதம் அமெரிக்காவில் தம்பி மகன் வீட்டில் இருந்தேன். நயாகரா போனது, கோவிலுக்குப் போனது என்று படங்கள் போட்டேன். போடாத படம் ஒன்று உண்டு. அவன் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஐந்து வருஷமாகக் கட்டி முடித்த, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம்.

நான் கிளம்பும்போது சென்னை ஏர்போர்ட் வாசலில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீ சொன்னா கேப்பான். உன்கிட்ட படிச்சவன். அந்த ஏரோப்ளேன் வேலைய விட்டுடச் சொல்லிட்டு வா" என்றான். சரிப்பா என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

அங்கே வீட்டில் விமானம் கட்டுவது திருட்டுத்தனம் இல்லை. சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் பெரும்பகுதி வேலையைச் சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும். எதற்காகக் கட்டலாம் என்று சட்டத்தில் இரண்டே காரணம்தான் சொல்லியிருக்கிறது: தன்னுடைய கல்விக்காக, அல்லது பொழுதுபோக்குக்காக. 'கல்வி' என்ற சொல்லைப் படித்துக் காட்டியதும் நான் பாதி விழுந்துவிட்டேன். பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவளை வேறு எப்படி வளைப்பது!

விமானத்தின் மேல் 'எக்ஸ்பெரிமெண்டல்' என்று எழுதியிருக்க வேண்டும். சோதனை என்று பொருள். முதல் 40 மணி நேரம் கட்டியவர் தனியாகத்தான் ஓட்ட வேண்டும், வேறு ஆளை ஏற்றக் கூடாது என்று அவனுக்கு விதித்திருந்தார்கள். நான் போனபோது எட்டு மணி நேரம் முடித்திருந்தான். அதற்கு மேல் நகரவில்லை. காரணம், எஞ்சின் சூடு.

நாலு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். கார் மாதிரி தண்ணீர் கிடையாது, காற்றுதான் குளிரவைக்க வேண்டும். எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட முன்னால் சுழலும் விசிறிக்குப் போவதில்லை. மீதியெல்லாம் சூடு. அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். ஒரு பகுதியைச் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய செதில்கள் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வகை எஞ்சினில் சிலிண்டர் தலைக்கு உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 260 செல்சியஸ். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் 400 சொச்சத்துக்குள் வைப்பார்கள். இவனுடைய விமானத்தில் மேலே ஏறும்போது மூன்றாவது சிலிண்டர் மட்டும் 440-ஐத் தொட்டது. மற்றவை 390. ஒவ்வொரு முறையும் ஏறுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சமமாகப் பறக்க வேண்டியதாயிற்று.

"முன்னாடி காத்து வர்ற ஓட்டைய பெருசா வெட்டப் போறேன் அத்தை" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழாம் வகுப்பில் இவன் என் மாணவன். சித்திரை வெயிலில் ஒரு நாள், "டீச்சர், ஜன்னல் இவ்ளோ பெருசா இருக்கு, ஏன் காத்தே வரல?" என்று கேட்டான். எங்கள் வகுப்பறைக்கு எதிர்ச் சுவரில் ஜன்னல் இல்லை. வந்த காற்று வெளியே போக வழியில்லை, அதனால் உள்ளே வரவும் இல்லை. அருமையான பாடம் அது. நான் சொன்ன பதில்: "பேசாம உக்காரு. பாடத்துல இருக்கிறத கேளு." அவனுக்கு அது நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

"உள்ள வர்றது இருக்கட்டும், வெளிய போறது எப்படிப்பா?" என்று கேட்டேன். எஞ்சின் மூடியைக் கழற்றிக் காட்டினான். காற்று முன்பக்கம் இரண்டு ஓட்டைகளில் நுழைகிறது. சிலிண்டருக்கு மேலே ஓர் அறைபோல் அலுமினியத் தகடுகளால் அடைத்திருக்கிறார்கள். அங்கே காற்று தேங்கி அழுத்தம் கூடுகிறது. கீழே அழுத்தம் குறைவு. அதனால் செதில்களுக்குள் புகுந்து கீழே இறங்கி, அடிப்பக்க வாய் வழியாக வெளியேறுகிறது. சூடான காற்று விரியும், எனவே வெளியேறும் வாயின் அளவையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். தேவைக்கு மேல் காற்றை உள்ளே விட்டால் அதை இழுத்துக்கொண்டு பறக்கும் சுமையில் வேகம் குறையும். ஆக, வாசலின் அகலத்தைவிட, மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் முக்கியம்.

நம் ஊர் வயல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா மடையைத் திறந்துவிட்டு வரப்பெல்லாம் சுற்றி வருவார். நண்டு வளை இருந்தால் தண்ணீர் பயிருக்குப் போகாது, வளை வழியாகப் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். அதற்காக மடையைப் பெரிதாக வெட்டுவார்களா? வளையை மிதித்து அடைப்பார்கள்.

"முதல்ல நண்டு வளையப் பாருடா" என்றேன். அவர்கள் சங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் அதையே சொன்னாராம், அவருக்கு நண்டு தெரியாது, அவ்வளவுதான்.

அன்று இரவு மூடியை மாட்டி, அடிப்பக்கம் ஒரு பெரிய விளக்கை வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, முன் ஓட்டை வழியாகப் பார்த்தோம். மூலைக்கு மூலை வெளிச்சம்! தகடுகள் சேரும் இடத்தில், ரப்பர் பட்டை மடங்கிய இடத்தில், திருகு போட மறந்த துளையில். ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் எண்ணினேன், பதினோரு இடம்.

அடைப்பதற்கு முன் அளந்து பார்க்கச் சொன்னேன். இல்லாவிட்டால் பலன் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஒரு பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யு' எழுத்துப் போல வளைத்து அடிக்குச்சியில் கட்டி, சமையலறை கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். நீங்கள் எட்டாம் வகுப்பில் பலகையில் வரைந்த அதே அழுத்தமானிதான். ஒரு முனை சிலிண்டருக்கு மேல், மறு முனை கீழ். மணிக்கு 100 மைல் வேகக் காற்று முழுதாக நின்றால் சுமார் 12.5 செ.மீ. தண்ணீரைத் தூக்கும். வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு, 50 செ.மீ. அவன் ஏறும் வேகமான 120 மைலுக்கு 18 வரும். அவன் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: பத்துதான். கிட்டத்தட்ட பாதி வீண்.

துளைகளை எல்லாம் சிலிகான் பசையால் அடைத்தான். மறுபடி போனான். பதினாலு! மூன்றாவது சிலிண்டர் 420-க்கு இறங்கியது. மற்றவை 375.

ஆனாலும் மூன்றாவது மட்டும் ஏன் தனியாக நிற்கிறது? கூர்ந்து பார்த்தால், அந்தச் சிலிண்டரின் பின்பக்கத்தில் செதில்கள் ஆழமில்லாதவை. பின் தகடு அவற்றோடு ஒட்டி அழுந்தி, காற்று இறங்கும் வழியையே மூடியிருந்தது. இங்கே அடைக்கக் கூடாது, திறக்க வேண்டும். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு வாஷர் வைத்து இடைவெளி விட்டான். கூடவே வேறு இரண்டு வேலையும் செய்துவிடலாம் என்றான். கூடாது, ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்றே தெரியாது என்றேன். 395 வந்தது. முன் ஓட்டையை வெட்டவே இல்லை.

அவன் மேலே போன ஒவ்வொரு தடவையும் நான் கீழே திடலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாய் கந்த சஷ்டி கவசம் சொல்லும், கை நடுங்கும். நிறுத்தச் சொல்ல அனுப்பப்பட்டவள், அழுத்தமானி செய்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் தம்பி முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? இன்றும் ராத்திரியில் அந்த எண்ணம் வரும்.

ரைட் சகோதரர்கள் பற்றி உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினேன். 1903, டிசம்பர் 17, பன்னிரண்டு விநாடி. அவர்களுடைய தங்கை கேத்தரின் பள்ளிக்கூடத்தில் லத்தீன் கற்பித்த டீச்சர் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்தம்மா எத்தனை நாள் இப்படி வயிற்றில் நெருப்போடு இருந்திருப்பார்!

தம்பி, இப்போது உனக்கு. நீ சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. மூன்று தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. ஒரு தடவை கேள்வி கேட்டதற்கு உட்காரச் சொன்னவள் நான். மறுபடி உட்காரச் சொல்ல மனசு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சத்தியம் வாங்கினேன். எந்த சிலிண்டரும் 420-ஐத் தாண்டினால், யார் கூட இருந்தாலும், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், ஏறுவதை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். இதுவரை காப்பாற்றியிருக்கிறான் என்று குறிப்பு நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறான். 40 மணி நேரமும் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் நீ அங்கே போகிறாய். "அப்பா, வாங்க, ஒரு சுத்து போலாம்" என்பான். ஏறு என்றும் சொல்ல மாட்டேன், ஏறாதே என்றும் சொல்ல மாட்டேன். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல். நீயும் வரப்பில் வளர்ந்தவன்தானே, டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார். அப்புறம் உன் இஷ்டம்.

கோபம் இருந்தால் போன் பண்ணித் திட்டிவிடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களில் பலர் ஆசிரியர்கள். ஜன்னல் கேள்வி கேட்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். உட்காரச் சொல்லாதீர்கள். எழுந்து போய் எதிர்ச் சுவரைப் பாருங்கள்.

அனைவருக்கும் என் ஆசிகள்.