சின்ன அடி

பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் எங்கள் தோட்டங்களில் மரதன் வைப்பார்கள். கோயிலடியிலோ ஸ்டோருக்கு முன்னாலோ கிளம்பி, மேல் டிவிசனுக்கு ஏறி, தேயிலை மலைகளைச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் ஓட்டம். ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்தில் பிறந்தவர்கள் பலருக்கு முதல் போட்டி அதுதான், எனக்கும் அதுதான். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தின் தலைப்பில் கூடி நின்று கைதட்டுவார்கள். ஆனால் பல ஓட்டங்கள் முடிவாவது இறக்கத்தில். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொதுவாக நான் கற்ற வித்தை ஒன்றுதான்: அடியைச் சின்னதாக வை.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. அதோடு சரிவும் சேர்ந்துகொள்ளும். இத்தாலிய உடலியல் அறிஞர் அல்பேர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் மலை ஓட்டக்காரர்களைச் சாய்த்த ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அளந்து, 2002இல் கணக்கை வெளியிட்டார்கள். 100 மீற்றருக்கு 45 மீற்றர் எழும் செங்குத்தில், ஒவ்வொரு மீற்றருக்கும் சமதரையைவிட ஐந்து மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. ஆகவே ஏற்றத்தில் கடிகாரத்தை நம்பக்கூடாது, மூச்சைத்தான் நம்ப வேண்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் இரண்டு வார்த்தை பேச முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாவிட்டால் வேகத்தை விட்டுக்கொடுத்து அடியை இன்னும் குறுக்குவேன். கால்களின் தாளம் மட்டும் மாறாது. லொறி ஏறும் தோட்டத்து றோட்டு வளைந்து வளைந்து போவதால் அதில் கடைசி வரை ஓடலாம். தேயிலைக்கு நடுவே நிமிர்ந்து ஏறும் குறுக்குப் பாதையில், தொடையில் கைகளை ஊன்றி விறுவிறுவென்று நடப்பதே கெட்டிக்காரத்தனம். அங்கே ஓடிக் காட்டுபவர், மேலே போய்ச் சேரும்போது கையிருப்பைச் செலவழித்து முடித்திருப்பார்.

இறக்கத்தின் கணக்கு வேறு. 100 மீற்றருக்கு 20 மீற்றர் இறங்கும் சரிவில் சமதரைக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய பாதி போதும் என்று அதே ஆய்வு சொல்கிறது. மூச்சுக்கு ஓய்வு கிடைக்கும், தொடைக்குக் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகி உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த வேலையில்தான் தசைநார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்கு ஏறி வந்தவர்களைக் கேட்டால் தெரியும். முழங்கால் நடுங்குவது இறங்கும்போது, படியைக் கண்டாலே பயம் வருவது அதற்கு மறுநாளும் அடுத்த நாளும்.

இந்த வேதனைக்கு மருந்தும் இறக்கமே. ஒருமுறை நன்றாக அடிபட்ட தசை, அடுத்த முறை அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு செய்யும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். அதனால் போட்டிக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு முன் நீண்ட இறக்கம் ஒன்றை ஓடிவிட்டு, பிறகு கால்களை ஆறவிடுவேன்.

எப்படி இறங்குவது என்பதைக் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் பார்த்துக் கற்றேன். மழை பெய்த மலையிலிருந்து கொழுந்து நிறைந்த சாக்கோடு மடுவத்துக்கு இறங்கும் ஓர் அக்காவின் காலைக் கவனியுங்கள். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும், முன்னால் எட்டிப் போகாது. பாசி படிந்த கல்லில் பாதத்தைச் சற்றே பக்கவாட்டாகத் திருப்பி வைப்பார். கான் குறுக்கிட்டால் அதற்கு முன்பே அடியைக் குறைத்துக்கொள்வார். பார்வை நாலைந்து அடி முன்னால் இருக்கும். பயந்து உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கும். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, பாரம் சொல்லித் தந்தது. அவர் பாதம் வைக்கும் விதத்தையே நான் வேகமாகச் செய்ய முயல்கிறேன், அவ்வளவுதான்.

மலையகத்திலிருந்து புறப்பட்ட குமார் சண்முகேஸ்வரன், இலங்கை இராணுவத்துக்காக ஓடி 10,000 மீற்றரில் தேசியச் சம்பியனானார். அப்படி இன்னும் பலர் இந்த லயங்களிலிருந்து வர முடியும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை ஏறக்குறைய 300 கிலோமீற்றர் நீளும் பீக்கோ ட்ரெயிலில், பழைய தோட்டப் பாதைகளில் நடப்பதற்கென்றே வெளிநாட்டார் வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை வாசலில் தொடங்குகிறது.

விளையாட்டு ஆசிரியர்களிடமும் தோட்டத்து இளைஞர் மன்றங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மரதனுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும்போது, ஆண் பிள்ளைகளென்றும் பெண் பிள்ளைகளென்றும் பாராமல், வாரத்தில் ஒரு மாலையை இறக்கத்துக்கென்று ஒதுக்குங்கள். முதலில் மெதுவாக, புல் படர்ந்த சாய்வில். பிறகு றோட்டில். கடைசியில் குறுக்குப் பாதையில். ஏற்றத்தில் வெல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும், அது நம் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. இறங்குவது பழக்கத்தால் வருவது. அதைப் பழக்கிவிட வேண்டியவர்கள் நாம்.