வெல் ஹால் சாலை நினைவுக்கல்

தென்கிழக்கு லண்டனில் எல்தம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வெல் ஹால் சாலை. வடக்கே நடந்து ரவுண்டானாவைத் தாண்டினேன். முதல் உலகப் போர்க் காலத்தில் வூலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் இருபுறமும். டிக்சன் சாலை பிரியும் இடத்தில் நின்றேன்.

1993 ஏப்ரல் 22 இரவு, நண்பனோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த கறுப்பின இளைஞன் ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்று இனவெறியில் குத்தியது இங்கேதான். வயது 18. ரத்தம் கொட்டக் கொட்ட 100 மீட்டருக்கு மேல் ஓடி விழுந்தான். அந்தத் தூரத்தை நானும் நடந்தேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

நடைபாதையோடு பதித்த நினைவுக்கல்லில் பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும். இந்தக் கல்லையும் விட்டுவைக்கவில்லை. ஸ்டீபன் கொலையைப் போலீஸ் கையாண்ட விதம் பற்றிய நீதிபதி மெக்பர்சனின் விசாரணை அறிக்கை 1999 பிப்ரவரியில் வெளியான அதே வாரம் இதன்மேல் பெயின்டை ஊற்றினார்கள். காவலுக்கு வைத்த கேமராவில் பதிவு இருக்குமே என்று பார்த்தால், அது வெறும் பொம்மைக் கேமரா! எனக்கு வயிறு எரிந்தது. பார்ப்பதுபோலக் காட்டிக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்ததுதானே இங்கே நடந்த அநியாயமே.

ஸ்டீபனுக்கு முன்பே, 1991இல் பக்கத்துத் தேம்ஸ்மீட்டில் 15 வயது ரோலன் ஆடம்ஸ் கொல்லப்பட்டான். 1992இல் இதே எல்தமில் ரோஹித் துக்கல். இனவெறித் தாக்குதல்கள் பற்றி உள்ளூர் அமைப்புகள் எச்சரித்துக்கொண்டே இருந்தன. ஸ்டீபன் வழக்கிலோ, சந்தேக நபர்களின் பெயர்கள் உடனடியாகவே வந்தும் முதல் கைதுக்கு இரண்டு வாரம் ஆனது. 2012இல்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. மற்றவர்கள் இந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்படவில்லை.

லண்டன் காவல் துறையில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று சொன்ன மெக்பர்சன், 70 பரிந்துரைகள் தந்தார். என் பார்வையில் முக்கியமானது ஒன்று: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறி என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். ‘சின்னப் பையன்கள் தகராறு’ என்று மேசையிலேயே தள்ளிவிடக் கூடாது. குற்றத்தை நிரூபிப்பது பிறகு. முதலில் அது கணக்கில் ஏற வேண்டும். 2024 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 வெறுப்புக் குற்றங்கள் பதிவாயின. பெரும்பகுதி இனம் சார்ந்தவை. பயமுறுத்தும் எண்தான். ஆனால் இது புகார் கொடுக்கத் துணிந்தவர்களின் கணக்கு மட்டுமே.

பிரிட்டனில் நம் பிள்ளைகளும் உறவினர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். பஸ்ஸில் வசை, வீட்டுக் கதவில் எச்சில், கடையில் மிரட்டல் என்றால், ‘எதற்கு வம்பு’ என்று விழுங்கிவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 999, மற்றபடி 101. இணையத்திலும் புகார் தரலாம், பெயர் சொல்லாமலும் தரலாம். தேதி, நேரம், இடம் குறித்துவைத்துக்கொண்டு அன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.