இருபத்தேழு வளைவுகளுக்கு அப்பால்

கோயமுத்தூரில் ஒருவர் மலைக்குப் போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே, "உதகமண்டலத்துக்கா, வால்பாறைக்கா?" என்றுதான் கேட்பார்கள். நாம் "தாளவாடிக்கு" என்று சொன்னபோது நண்பர் ஒருவர் சற்று யோசித்துவிட்டு, "அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார். காரணமில்லாமல் ஒருவன் தாளவாடிக்குப் பஸ் ஏறுவான் என்று அவரால் நம்ப முடியவில்லை.

ஈரோடு ஜில்லாவின் படத்தை விரித்து வைத்துப் பார்த்தால், வடமேற்கு மூலையில் ஒரு துண்டு நிலம் மலைகளுக்கு அப்பால், கர்நாடக ராஜ்யத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அந்த மூக்கின் நுனியில் இருப்பதுதான் தாளவாடி. ஜில்லாவின் தலைநகரம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நடுவில் ஒரு பெருங்காடும் ஒரு மலைச் சரிவும் உண்டு. கர்நாடகத்தின் சாமராஜநகரமோ முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. கொங்கு நாட்டின் இந்த வடகோடியிலும் ஜனங்கள் காலையில் எழுந்து, பாடுபட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பார்த்து வருவதே நமது நோக்கம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

காந்திபுரத்தில் ஏறிய பஸ் அன்னூரையும், சந்தைக்குப் பேர்போன புளியம்பட்டியையும் தாண்டி, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடிச் சத்தியமங்கலத்தில் நம்மை இறக்கிவிட்டது. வறண்ட மேட்டுக் காடுகளையே பார்த்து வந்த கண்களுக்குப் பவானி நதியும், அதன் கரையிலுள்ள வாழைத் தோட்டங்களும் விருந்தாக இருந்தன. அங்கே தாளவாடி பஸ் தயாராக நின்றது. உள்ளே உரக் கட்டு ஒன்று, கோழிகள் இரண்டு, கல்யாணப் பத்திரிகைகள் அடங்கிய பை ஒன்று, ஈரோட்டில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியுடன் திரும்பும் பாட்டி ஒருத்தி. பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். பாதிப் பேர் கன்னடம் பேசினார்கள். கண்டக்டர் இரண்டையும் பேசினார்.

மலையடிவாரத்தில் பண்ணாரி மாரியம்மன் கோயில் இருக்கிறது. மேலே போகும் வண்டி எதுவும் அம்மனுக்கு ஒரு கும்பிடு போடாமல் நகர்வதில்லை. இங்கே புற்று மண்ணையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். டிரைவர் அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்போது அந்தப் பக்தியின் அவசியம் நமக்கு விளங்கவில்லை. முதல் வளைவு வந்ததும் நன்றாக விளங்கிற்று!

பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் நடுவே 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். சமவெளியில் நாம் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். தாளவாடிக்காரர்களோ வளைவில்தான் கணக்கிடுகிறார்கள். "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?" என்று டெலிபோனில் கேட்டால், "பதினாலில் இருக்கிறேன்" என்று பதில் வருகிறது. கேட்டவர் உடனே அடுப்பில் உலை வைக்கலாமா, கூடாதா என்று தீர்மானித்துக்கொள்கிறார்.

நமது பஸ் ஒன்பதாவது வளைவில் நின்றுவிட்டது. மேலேயிருந்து இறங்கிய நீளமான லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. பிரயாணிகள் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் துண்டை விரித்துப் பாறையில் படுத்துக்கொண்டார்; கோழிக்காரர் கோழிகளுக்குத் தண்ணீர் காட்டினார். "எவ்வளவு நேரமாகும்?" என்று கண்டக்டரைக் கேட்டோம். "அது லாரியோட இஷ்டமுங்க" என்றார்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. மேலேயிருந்து வந்த ஜீப் ஒன்றில் நிறைமாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருந்தாள். நோவு கண்டுவிட்டது, முதல் பிரசவம், கீழே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஜீப்போ லாரியைத் தாண்டி வர வழியில்லை. அவளுடைய தாயார் கன்னடத்தில் அழுதாள். அழுகையில் பாஷை வித்தியாசம் ஏது? பாறையில் படுத்திருந்தவர் எழுந்து ஓடினார். கண்டக்டர் வண்டி வண்டியாகக் கதவைத் தட்டிக்கொண்டு கீழே போனார். ஆண்கள் சிலர் ஒவ்வொரு வண்டியையும் மலை ஓரமாக ஒதுக்கச் சொல்லிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடிப் பாட்டி தன் ஜமக்காளத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக லாரியின் ஓரத்தில் நடத்திக்கொண்டு வந்தார்கள்.

மைசூரில் கல்யாணத்துக்குப் போவதற்காகப் பட்டுச் சேலைகளும் பூக்கூடையுமாக வந்திருந்த பெருந்துறைக்காரர் ஒருவர், தமது காரை வளைவிலேயே திருப்பி நிறுத்தினார். வீட்டுப் பெண்கள் இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் நமது பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

"கல்யாணம் என்னாவதுங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"முகூர்த்தம் நாளைக்குத்தானுங்க. அதுக்குள்ளே நூறு தடவை போய் வந்துடலாம். நீ ஏறு கண்ணு" என்றார் அவர்.

கார் இறங்கிப் போய்விட்டது. லாரி நகர மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை.

*

திம்பம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், கீழே பவானிசாகர் அணைத் தேக்கம் வெள்ளித் தகடுபோலத் தெரிகிறது. கொங்கு நாட்டுக்கும் மைசூருக்கும் இடையே மலைமேல் வழி தேடியவர்கள் நேற்றும் இன்றும் தோன்றியவர்கள் அல்ல. இதற்கு மேற்கே உள்ள கஜலஹட்டிக் கணவாய் வழியாகத்தான் 1790-ஆம் வருஷம் திப்பு சுல்தானின் சைனியம் இறங்கி வந்து, சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயருடன் போர் புரிந்தது.

திம்பத்துக்கு அப்பால் வளைவு இல்லை, காடுதான். 2013-ல் புலிகள் காப்பகமாக்கப்பட்ட இந்தக் காடு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. புலி நமக்குத் தரிசனம் தரவில்லை. யானைகள் அப்படியல்ல, அவை வரி வசூலிக்கவே ரோட்டுக்கு வருகின்றன. தாளவாடியில் விளையும் கரும்பு லாரிகளில் ஏறிக் கீழே ஆலைக்குப் போகிறது. ஆசனூருக்கும் காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்கும் இடையில் குட்டிகளோடு நின்று, கரும்பு லாரியைக் கண்டதும் மறித்து, வேண்டியதை உருவிக்கொண்ட பிறகே வழிவிடும் யானைகள் உண்டு. வெகு நாட்களாக டிரைவர்கள் தாமாகவே சில கட்டுகளை ரோட்டோரத்தில் எறிந்துவிட்டுப் போனதால் வந்த பழக்கம் இது. மனிதன் கொடுத்த லஞ்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு யானையும் சாட்சி சொல்கிறது.

காரப்பள்ளத்தைத் தாண்டியதும் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டு ஊருக்குப் போகிற தமிழ்நாட்டு பஸ், கர்நாடக மண்ணில் சிறிது தூரம் ஓடிவிட்டு மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பலகையில் எழுத்து மாறுகிறது, மறுபடியும் மாறுகிறது. வயல் மாறவில்லை, வயலில் குனிந்து களை எடுக்கும் பெண்களின் கொசுவமும் மாறவில்லை.

தாளவாடி பெரிய ஊரல்ல. கடைத்தெரு, பஸ் நிலையம், கோயில், பள்ளிக்கூடங்கள், சர்க்கார் காரியாலயங்கள் இவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் நிலம். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மஞ்சள், வாழை, ராகி என்று ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு நிறம். சமவெளியிலே நாம் சந்தையில் பேரம் பேசி வாங்கும் கோசு இந்த 27 வளைவுகளிலும் உருண்டு இறங்கி வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்? விலை விழுந்துவிட்டால் லாரி வாடகைக்குக்கூடக் கட்டாது. அப்போது கோசு வயலிலேயே கிடந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகிறது.

இரவு ஒரு விவசாயியின் வீட்டில் தங்கினோம். வாசலில் கால் வைத்ததும் வீட்டு அம்மாள், "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டாள். சாப்பாடு ஆயிற்றா என்பது அர்த்தம். ஆகவில்லை என்று நாம் தமிழில் சொன்னோம். சுடச்சுட ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் இலைக்கு வந்தன. வீட்டுக்காரர் மகளுக்குத் தமிழில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மனைவியோடு கன்னடத்தில் பேசினார். பஸ் டிரைவரோடு பேசும்போது கொங்குத் தமிழில் 'ங்க' போட்டார். இங்கே கன்னடப் பள்ளிக்கூடமும் உண்டு, தமிழ்ப் பள்ளிக்கூடமும் உண்டு. தீபாவளி முடிந்த கையோடு குமிட்டாபுரத்தில் பீரேஸ்வரர் கோயிலில் நடக்கும் சாணியடித் திருவிழாவில், இரண்டு ராஜ்யத்து ஜனங்களும் கூடிச் சிரித்து மகிழ்கிறார்கள்.

ராஜ்யங்களின் எல்லை இந்தப் பக்கத்தில் ஒரு தடவை நகர்ந்திருக்கிறது. 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ஆம் தேதி வரையில் கொள்ளேகாலம் தாலூகா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அன்று அது மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. தாளவாடி இந்தப் பக்கமே நின்றது. 1979-ல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு தனி ஜில்லா ஏற்பட்டபோது அதனுடன் போயிற்று. ஜில்லாவும் ராஜ்யமும் மாறினாலும் சம்பந்திகள் மாறவில்லை.

இந்த ஒற்றுமைக்குப் பெரிய சோதனையும் ஒரு முறை வந்தது. கன்னடத் திரையுலகின் சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்க ராஜ்குமார், பக்கத்திலுள்ள தொட்டகாஜனூரில் பிறந்தவர். 2000-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி இரவு, அவர் சொந்த ஊருக்கு வந்திருந்தபோது வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றான். 108 நாட்கள் இரண்டு ராஜ்யங்களும் தவித்தன. நவம்பர் 15-ஆம் தேதி அவர் விடுதலையானார். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரையில் இந்த மலைவாசிகள், முக்கியமாகச் சோளகர் என்னும் பழங்குடியினர், காட்டுக்குள்ளிருந்த துப்பாக்கிக்கும் காட்டைத் தேடி வந்த துப்பாக்கிக்கும் நடுவில் அகப்பட்டுப் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல.

இப்போது துப்பாக்கிப் பயம் இல்லை. யானைப் பயம் உண்டு. "கருப்பன்" என்று ஜனங்கள் பெயர் சூட்டிய ஒற்றை யானை வயல்களில் புகுந்து விவசாயிகளின் உயிரையும் வாங்கியது. கும்கிகளைக் கொண்டுவந்து பலமுறை முயன்ற பிறகே 2023 ஏப்ரலில் அதைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் ராத்திரியில் பரண்மேல் விழித்திருக்கும் மனிதர்களைக் காணலாம். நாம் தூங்கப் போனபோது தூரத்தில் தகரம் தட்டும் ஓசை கேட்டது. "ஒண்ணுமில்லீங்க, வாழைத் தோட்டத்துப் பக்கம். நீங்க தூங்குங்க" என்றார் வீட்டுக்காரர். அவர் தூங்கவில்லை.

*

அந்த இரவில்தான் ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. காட்டு மிருகங்கள் வண்டிகளில் அடிபட்டுச் சாகாமல் இருக்கும்பொருட்டு, சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10-ஆம் தேதி முதல் இந்த மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது. ஜனங்கள் கடையடைப்புச் செய்தார்கள். பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சில சலுகைகள் கிடைத்தன. கனத்த லாரிகளுக்கு எடை வரம்பும் ஏற்பட்டது.

"யானை எங்களுக்கு விரோதியல்லங்க. ராத்திரியிலே அது ரோட்டைத் தாண்டத்தான் வேணும். ஆனா எங்களுக்கு வேண்டியதெல்லாம் கீழே இருக்குதே! பெரிய வைத்தியம் கீழே, காலேஜ் கீழே, கோர்ட்டுக் கீழே, கோசு விக்கறதும் கீழே. எல்லாத்தையும் கீழே வெச்சுப்போட்டு ரோட்டையும் மூடினா என்னங்க பண்றது?" என்று கேட்டார் அவர்.

நாம் பதில் சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட லாரியும் அழுத தாயாரும் கண்ணெதிரில் நின்றார்கள். பட்டப்பகலில், ரோடு திறந்திருந்தபோதே அவ்வளவு பாடு!

மறுநாள் காலை பனிமூட்டம். பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள டீக்கடையில் மப்ளர் கட்டிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். முதல் பஸ் வந்ததும் கண்டக்டர் கீழே இறங்குவதற்கு முன்பே, "என்ன குழந்தை?" என்று பல குரல்கள் கேட்டன. அந்தப் பெண் இன்னார் என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது.

"பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம்" என்றார் கண்டக்டர்.

டீக்கடைக்காரர் அன்று கண்டக்டரிடமும் டிரைவரிடமும் காசு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் 27-லிருந்து ஒன்று வரையில் பலகைகளை எண்ணிக்கொண்டே இறங்கினோம். ஒன்பதாவது வளைவில் சக்கரத்துக்கு வைத்த கற்கள் இன்னும் ரோட்டோரத்தில் கிடந்தன. ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்பவர்களும், மூடிவிட வேண்டும் என்பவர்களும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. இரவு யானைக்கே இருக்கட்டும். அதன் தாத்தா காலத்துப் பாதை அது. ஆனால் தலைப்பிரசவத்துக்கு வேண்டிய வைத்தியமும், பிள்ளைகளுக்கு வேண்டிய மேல்படிப்பும், காய்கறி கெடாமல் வைக்கும் கிடங்கும் அந்த 27 வளைவுகளையும் ஏறி மேலே போகட்டும். ஊரிலுள்ள கோசெல்லாம் இறங்கி வந்து நமக்குச் சோறு போடுகிறதே, பதிலுக்கு நாம் ஏற்றி அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்.

பண்ணாரியில் பஸ் நின்றது. இம்முறை டிரைவருக்கு முன்னால் நாமே இறங்கிப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.