அலாய் வீல் கழுவுவது எப்படி? ஒரு தாத்தாவின் குறிப்பு

போன வாரம் ஓய்வூதியம் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், "சார், கொஞ்சம் உபயோகமாகவும் எழுதுங்கள்" என்று சொன்னார். அவருக்காக இந்தக் கட்டுரை.

சமணர் மலை அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்குப் போனால், வாசலுக்கு வாசல் கார் கழுவுவதைப் பார்க்கலாம். கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் பளபளக்கும். சக்கரம் மட்டும் அடிப்பிடித்த வாணலி மாதிரி இருக்கும். குனிய வேண்டுமே! எங்கள் வீட்டில் கார் சாவி மாப்பிள்ளையிடம், சக்கரம் என்னிடம். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் கோப்பு தள்ளியவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் கிடைத்த பதவி இது. ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்கும் வலியில்லை.

முதலில் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அது ரோட்டுப் புழுதி மட்டுமல்ல. பிரேக் அழுத்தும்போது பிரேக் பேடும் இரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்கின்றன. அந்தத் துகள் சூடாகப் பறந்து சக்கரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதில் இரும்பு இருப்பதால், ஈரம் பட்டதும் துருப்பிடித்து இன்னும் இறுகுகிறது. கார் நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். அதனால் முன் சக்கரங்கள்தான் அதிகம் கறுக்கும். நம் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக். தூள் டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடும்.

பிரெஞ்சில் சக்கர வளையத்துக்கு 'ழாந்த்' என்று பெயர். உலோகக் கலவை 'அலியாழ்'. நம் அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் சேர்த்து வார்த்தது. 1924 ஆகஸ்டில் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்கு எத்தோரே புகாட்டி கொண்டுவந்த 35ஆம் ரகக் காரில், எட்டு ஆரக்கால் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரம் இருந்தது. பிரேக் டிரம்மையும் சக்கரத்தோடு சேர்த்தே வார்த்திருந்தார். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக்கின் நிலைமையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அலுமினியம் நமக்கும் அந்நியமில்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை மேட்டூரில் உருக்கி அலுமினியம் எடுத்த காலம் ஒன்று இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் போதும்.

ஓடி வந்த காரை உடனே கழுவாதீர்கள். சக்கரமும் டிஸ்க்கும் கை பொறுக்கும் அளவுக்கு ஆற வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் சோப்பு அப்படியே காய்ந்து திட்டுத் திட்டாகும். காலை ஏழு மணிக்குள், நிழலில் செய்வது உத்தமம். காரின் உடம்பைக் கழுவும் முன்பே சக்கரத்தை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரத்து அழுக்கு கழுவிய கதவில் தெறிக்கும்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். கதவு துடைக்கும் துணியைச் சக்கரத்துக்கு எடுக்காதீர்கள். அதில் ஒட்டிய இரும்புத் தூள் பெயின்டைக் கீறிவிடும். ஒரே நேரத்தில் ஒரு சக்கரம் என்பது கணக்கு. முதலில் டியூபால் வேகமாகத் தண்ணீர் அடித்து, மண்ணைக் கழற்றுங்கள். பிறகு மென்மையான பிரஷ்ஷால் ஆரக்காலின் முன்பக்கம், பின்பக்கம், உள் வளையம் என்று தேயுங்கள். நட்டுக் குழிக்குப் பழைய பல் பிரஷ் போதும். உள் வளையத்தில் ஒட்டியிருக்கும் சிறு எடைக் கட்டிகளைப் பெயர்த்துவிடக் கூடாது. அவை பாலன்ஸுக்காக வைத்தவை. விழுந்தால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும்.

ஷாம்புவுக்கு அசையாத கறைக்கு 'அயர்ன் ரிமூவர்' என்று ஒன்று விற்கிறார்கள். அடித்ததும் இரும்புத் தூளோடு சேர்ந்து கத்தரிப்பூ நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும்; கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். பாட்டிலில் போட்ட நேரத்துக்கு மேல் விடாமல், காயும் முன் கழுவிவிட வேண்டும். தார்ப் புள்ளிக்குத் துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும்.

கடைசி வேலைதான் நம் ஊருக்கு முக்கியம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அப்படியே காயவிட்டால் சக்கரம் முழுக்க வெள்ளைப் பொட்டு. உலர்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதுவே அமிர்தம். முடிந்ததும் காரை மெதுவாக நகர்த்தி, இரண்டு மூன்று தடவை பிரேக்கை அழுத்தி டிஸ்க்கின் ஈரத்தைப் போக்குங்கள். டயர் பாலிஷ் எக்காரணம் கொண்டும் டிஸ்க்கில் படக்கூடாது.

செய்யக்கூடாதவை: கம்பி நார், சாம்பல், புளி, பித்தளைப் பாத்திரப் பொடி, கழிப்பறை ஆசிட். இவை வேண்டவே வேண்டாம். சக்கரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு ஒன்று உண்டு. அது போனால் உள்ளே ஈரம் புகுந்து, அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, புழு ஊர்ந்த மாதிரி கோடு விழும். மாப்பிள்ளை ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டபோது அங்கிருந்த பையன் ஏதோ ஆசிட் கரைசலைத் தெளித்தான். இரண்டே நிமிடத்தில் வெள்ளி மாதிரி மின்னியது. ஆறு மாதத்தில் இரண்டு சக்கரமும் பூத்துப் போயின. அதற்குப் பிறகுதான் இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது.

இது அழகுக்காக மட்டும் செய்கிற வேலை என்று என் மகள் நினைத்திருந்தாள். சென்ற ஆனியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்ப ஏற்பாடு. இடது முன் சக்கரத்தில் அடிக்கடி காற்று குறைந்துகொண்டிருந்தது. பஞ்சர் கடையில் ஆணி இல்லை என்று சொல்லிக் காற்றை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நான் உள் வளையத்தைத் தேய்த்தேன். அழுக்கு போன இடத்தில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. மறுபடி தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் வருடினால் நகம் மாட்டியது.

"வெறும் கீறலா இருக்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை. "இருக்கட்டும் மாப்பிள்ளை, ஒரு நடை காட்டிட்டு வந்துடுங்க" என்றேன். டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் முக்கியதும், அந்தக் கோட்டிலிருந்து முத்து முத்தாகக் குமிழி. ஏதோ பள்ளத்தில் அடிபட்ட விரிசல். வெல்டு வைத்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, கடையிலிருந்த வயதானவர், "பிள்ளைகளை உட்கார வச்சு நாலு வழிச்சாலையில போற வண்டி சார், அதை நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டார். புதுச் சக்கரம் வர ஒரு வாரம் ஆகும். ஸ்டெப்னியில் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று முடிவு செய்து, பேரப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போய் அம்மையாரைத் தரிசித்து வந்தோம். கூட்டத்தில் நின்றபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை.

ஆகவே நண்பர்களே, கழுவும்போது கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். விளிம்பில் நெளிவு, உள்ளே விரிசல், டயரின் பக்கவாட்டில் வீக்கம், ஒரு பக்கம் மட்டும் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். முன் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். பின் சக்கரத்துக்கு வரும்போது காபி வந்துவிடும்.