செல்லாத தாளும் செல்லும் வழியும்

பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பது பழமொழி. எனினும், கும்பகோணத்தில் ஓரிரவு எம் பணம் ஓர் உணவுச்சாலையின் கல்லாப்பெட்டி வரையிலும் பாயவில்லை. அயல்நாடு செல்வோர் கைச்செலவுக்கான பணத்தை எவ்வாறு கொண்டுசெல்வது, சென்ற இடத்தில் எவ்வாறு பெற்றுக்கொள்வது என்பது பற்றி அன்று நாம் ஒரு பாடம் கற்றோம். யாத்திரை செல்லும் குடும்பத்தினருக்கும், மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடக்கும் மாணவருக்கும் அது பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அன்னையாரையும் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு சோழநாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டோம். ஐப்பசிப் பூரணையன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழும் அன்னாபிடேகத்தை ஒருமுறையேனும் கண்ணாரக் காணவேண்டும் என்பது அன்னையாரின் நெடுநாள் விருப்பம். அவருக்கு அப்பொழுது 68 வயது. முழங்கால் நோவும் இருந்தது. இவ்வாண்டு தவறினால் மறு ஆண்டு இயலுமோ என்ற ஐயம் எல்லோர் உள்ளத்திலும் இருந்தது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து விமானமூலம் திருச்சிராப்பள்ளியில் இறங்கினோம். தமிழகத்துச் சிறு நகரங்களில் இலங்கை ரூபாவை மாற்றுதல் அரிதாகையால் அமெரிக்க டொலர் கொண்டுசென்றிருந்தோம். நாணயமாற்று நிலையம் ஒன்றில் 400 டொலரைக் கொடுத்து ஏறத்தாழ 26,000 இந்திய ரூபா பெற்றோம். யாவும் 1000, 500 ரூபாத் தாள்கள். எண்ணவும் எளிது, வைக்கவும் எளிது என்று நாம் மகிழ்ந்தோம். அன்னையார் மகிழவில்லை.

“தம்பி, எல்லாம் பெரிய தாளாய்க் கிடக்கு. கற்பூரம் வாங்கவும் இதைத்தானே நீட்டப் போறாய்? எனக்கு நூறு ரூபாயாய் மாத்தித் தா” என்றார்.

மீண்டும் சென்று கேட்பதற்கு எமக்கு வெட்கமாயிருந்தது. ஆயினும் கேட்டோம். காசாளர் சிறிது முகஞ்சுளித்து, 3000 ரூபாவுக்கு நூறு ரூபாத் தாள்களை எண்ணித் தந்தார். அன்னையார் அவற்றை ஒரு சிறு துணிப்பையிலிட்டு மடியிற் செருகிக்கொண்டார். பட்டதாரியாகிய நாமோ மீதிப் பணம் முழுவதையும் ஒரே கைப்பையில் வைத்துப் பூட்டினோம்.

நவம்பர் 8ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை இரவு, கும்பகோணத்தில் உணவருந்திக் கொண்டிருந்தோம். சுவரிலிருந்த தொலைக்காட்சியில் இந்தியப் பிரதமர் தோன்றி உரையாற்றினார். நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாத் தாள்கள் செல்லா என்பது செய்தி. அந்நாட்டிற் புழங்கிய தாள்களின் மொத்தப் பெறுமதியில் ஏறத்தாழ 86 வீதம் அவ்விருவகைத் தாள்களே. நாம் கைகழுவி வருவதற்குள் கல்லாவில் இருந்தவர், “ஐந்நூறு வேண்டாம் சார், நூறாக் குடுங்க” என்று கூறிவிட்டார். நள்ளிரவுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சட்டம் எம் பக்கமே. ஆயினும் வாங்குவாரில்லாத பணம் பணமன்று. அன்னையார் மடியை அவிழ்த்தார்.

மறுநாள் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. தானியங்கிப் பண இயந்திரங்கள் இரண்டு நாள் இயங்கவில்லை. 10ஆம் திகதி வங்கி திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. அடையாளச் சான்றைக் காட்டி ஒருவர் 4000 ரூபா வரை மாற்றலாம் என்பது அன்றைய விதி. எமது இலங்கைக் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த எழுதுவினைஞர், மேலதிகாரியிடம் சென்று கேட்டு வந்த பின்னரே ஏற்றுக்கொண்டார். நாமும் துணைவியாரும் நான்கு மணி நேரம் நின்று 8000 ரூபா பெற்றோம். கிடைத்தவை புதிய 2000 ரூபாத் தாள்கள் நான்கு. அவற்றுக்கு மீதி கொடுக்கத்தக்க கடை எதனையும் நாம் காணவில்லை. அந்த வரிசையில் நாட்கூலி இழந்து நின்றோர் பலர். எமக்கு நேர்ந்தது யாத்திரையின் இடர். அவர்களுக்கு நேர்ந்தது வயிற்றின் இடர்.

இயந்திரங்கள் மீண்டும் இயங்கியபோது எமது வங்கி அட்டையை இட்டுப் பார்த்தோம். அதனை இயந்திரம் ஏற்கவில்லை. வெளிநாட்டிற் பயன்படுத்துவதற்கு ஊரில் இருக்கும்போதே வங்கிக்கு அறிவித்திருக்க வேண்டும். நாம் அறிவிக்கவில்லை, குற்றம் எம்முடையதே.

எனினும் வழி முற்றாக அடைபடவில்லை. புகையிரத நிலையங்களிற் பழைய தாள்களைச் சில நாள் ஏற்றனர். ஆகவே சென்னை செல்வதற்கான பயணச்சீட்டுகளை அவற்றைக் கொண்டே வாங்கினோம். விடுதி உரிமையாளர் வாடகைக்கும் அவற்றையே பெற்றுக்கொண்டார். தம் வங்கிக் கணக்கிற் செலுத்த அவருக்கு டிசம்பர் 30 வரை தவணை இருந்தது. “பெரியவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, காசைப் பத்திக் கவலைப்படாதீங்க சார்” என்று அவர் கூறிய சொல்லை நாம் மறக்கவில்லை.

வாடகை மோட்டார் எண்ணத்தைக் கைவிட்டோம். பூரணையன்று அன்னையாரின் நூறு ரூபாத் தாள்களைக் கொண்டு பேருந்தில் ஏறி, முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எடுத்த அப்பெருங்கோயிலை அடைந்தோம். பெருமானின் திருமேனி முழுவதும் வெண்சோற்றால் மூடப்பட்டிருந்தது. அன்னையார் கைகூப்பியபடி நெடுநேரம் நின்றார். முழங்கால் நோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னர் அச்சோறு வந்தோர்க்கெல்லாம் வழங்கப்பட்டது. ஒரு கிழமையாகத் தாளை எண்ணி எண்ணி உண்ட எமக்கு, விலை கேட்காத அந்த ஒரு பிடி சோறு பெரிதாயிருந்தது.

இனி, கற்ற பாடத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். பணத்தை ஒரே உருவில், ஒரே இடத்தில் வைத்தலாகாது. சிறிது அந்நாட்டு நாணயம், சிறிது டொலர், வெவ்வேறு வங்கிகளின் அட்டைகள் இரண்டு என வகுத்து, உடன் செல்லும் ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைக் கொடுத்து வைக்கவேண்டும். நாணயம் மாற்றும்போதே சிறு தாள்களைக் கேட்டுப் பெறவேண்டும், வெட்கம் வேண்டா. மாற்றியதற்கான பற்றுச்சீட்டைப் பேணினால் எஞ்சியதைத் திருப்பி மாற்றுதல் எளிதாகும். புறப்படுமுன் வங்கிக்கு அறிவித்தல் இன்றியமையாதது. அயல்நாட்டு இயந்திரம், கணக்கை உம் நாட்டு நாணயத்தில் எழுதவோ அந்நாட்டு நாணயத்தில் எழுதவோ என்று கேட்குமாயின், அந்நாட்டு நாணயத்தையே தெரிக. மற்றையது நன்மைபோலத் தோன்றினும் மாற்று வீதம் பெரும்பாலும் நட்டமாகவே முடியும். இந்தியாவுக்குள் 5000 டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள வெளிநாட்டுத் தாள்களைக் கொண்டுசெல்வோர் சுங்கப் பகுதியில் அதனை அறிவித்தல் வேண்டும்.

காலந்தோறும் புதிய வழிகள் பிறக்கின்றன. 1891இல் பிரயாணிகள் காசோலை வந்தது. 1967இல் இலண்டனில் முதலாவது பண இயந்திரம் வந்தது. இன்று தமிழகத்துத் தேநீர்க் கடையிலும் கைத்தொலைபேசியாற் பணம் செலுத்துகின்றனர். ஆயினும் அவ்வசதி பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு உடையோர்க்கே உரியது. நாம் வரிசையில் நின்று வாங்கிய 2000 ரூபாத் தாளையும் 2023இல் மீளப் பெறத் தொடங்கிவிட்டனர். ஆகவே எந்த ஒரு வழியையும் முழுதும் நம்புதற்கில்லை.

பழைய 500 ரூபாத் தாள் ஒன்று எம் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. பணத்தைப் பற்றிய பாடம் வரும்போது அதை மாணவருக்குக் காட்டுவோம். அன்னையார் இப்பொழுது நெடும்பயணம் செய்வதில்லை. ஆயினும் நாம் கடவுச்சீட்டை எடுக்கும்போதெல்லாம் திண்ணையிலிருந்து ஒரு கேள்வி வரும்:

“சின்னத் தாள் கொஞ்சம் வைச்சிருக்கிறியே, தம்பி?”