எந்த வீட்டுக்கு?

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு டாக்டர் சொன்னா நம்ம ஊர்ல ஒரே அர்த்தம்தான்: கையை விரிச்சுட்டாங்க. அதனாலதான், அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே "சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்"னு சென்னையில சொன்னதும், டொரண்டோவுக்குப் போன் போட்ட அக்கா முதல்ல பேசவே இல்லை, அழுதா.

அழ ஒண்ணுமே இல்லைங்க. ஆரம்ப நிலை, லேப்ராஸ்கோப்பி. வயித்துல கார்பன் டை ஆக்ஸைடு நிரப்பி, சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா பார்த்துச் செய்யறது. பெரிய வெட்டு இல்லாததால சாயங்காலமே நடக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் சீக்கிரம் சாப்பிட வெச்சு, நடக்க வெச்சா உடம்பு சீக்கிரம் தேறும்னு டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கேலெட் 1990கள்லயே காட்டினார். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங், அன்னிக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பற புற்றுநோய் ஆபரேஷன்களுக்குன்னே 2016-ல தனிக் கட்டடம் திறந்தது.

எல்லாத்துக்கும் இது சரிப்படாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் துளை வழியா செஞ்சா நோய் திரும்பறது அதிகம்னு 2018-ல ஒரு பெரிய ஆய்வு சொல்லிடுச்சு. அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பை உள்சவ்வுல, அது வேற.

வாந்தி இருக்கக்கூடாது, தானா சிறுநீர் போகணும், மாத்திரையிலயே வலி அடங்கணும். இதெல்லாம் அம்மா பாஸ். மிச்சம் ரெண்டு: ராத்திரி ஒரு ஆள் கூட இருக்கணும், அவசரம்னா சட்டுனு ஆஸ்பத்திரிக்கு வர முடியணும்.

இங்கதான் சிக்கல். எங்க வீடு இருக்கிறது அந்தமான்ல, டெய்ரி ஃபார்ம். போர்ட் பிளேர்ங்கிற பேரை 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்தினாங்க, ஆனா கடல் அதேதான். சென்னையிலிருந்து விமானத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல, கப்பல்னா கிட்டத்தட்ட மூணு நாள். விமானம் மேலே போனா உள்ளே மிச்சமிருக்கிற வாயு விரியும், கால்ல ரத்தம் உறையற பயமும் உண்டு. எப்போ பறக்கலாம்னு சர்ஜன்தான் சொல்லணும்.

ஆக, தீவுக்காரங்களுக்கு "வீடு"ன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல பிடிக்கிற வாடகை ரூம். லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட் ரெண்டும் பார்த்து அக்கா முன்கூட்டியே பிடிச்சு வெச்சிருந்தா. முதல் ராத்திரி தோள்பட்டை வலின்னு அம்மா முனகினதும் ஹார்ட் அட்டாக்னு பதறி டாக்டருக்குப் போன் போட்டா. அந்த வாயு உதரவிதானத்தை உறுத்தினா தோள்ல வலிக்குமாம், ரெண்டு மூணு நாள்ல போயிடும். ஆனா காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கறது, மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் உடனே ஓடணும்.

நான் போய் இறங்கினது மூணாம் நாள். பயாப்ஸி முடிவு வர்ற வரைக்கும் அந்த ரூம்ல கஞ்சி வெச்சது, மாத்திரை எண்ணினது, அம்மாவை வராண்டாவுல நடக்க வெச்சது எல்லாம் நானும் அக்காவும்தான். முந்தி வார்டுல நர்ஸ் பார்த்த வேலை. மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம்னு முடிவு வந்துச்சு :-)

உங்களுக்கு லீவு கொஞ்சம்தான் கிடைக்கும்னா, ஆபரேஷன் தேதியை மட்டும் பார்க்காம அதுக்கு அடுத்த ஒரு வாரத்தையும் சேர்த்து டிக்கெட் போடுங்க.